ஆறு வெற்றி, மூன்று பூஜ்யம்: பைரேட்ஸ் பின்னால் ஒரு பயணம்

ஜூன் 29, 2025, ஞாயிறு: பிட்ஸ்பர்க்

போன வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பிட்ஸ்பர்க்கின் பேஸ்பால் அணி பைரேட்ஸின் கணக்கு இப்படி இருந்தது: 82 ஆட்டம், 50 தோல்வி. மே 8ஆம் தேதியே மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது 12 வெற்றி, 26 தோல்வி. இந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்க லீவு போட்டுக்கொண்டு சியாட்டிலில் இருந்து நாட்டின் மறுபக்கத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. "அங்கே சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். பெரியப்பா மகன் குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். அதோடு பேச்சு முடிந்தது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1979இல் கடைசியாக உலகத் தொடரை, அதாவது லீக்கின் இறுதிச் சுற்றை, வென்றது. 1992இல் இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒரு அவுட் பாக்கி இருந்தபோது அட்லாண்டாவிடம் தோற்றது. அந்த அணியின் பெரிய நட்சத்திரம் பேரி பாண்ட்ஸ் அதோடு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். அப்புறம் 1993 முதல் 2012 வரை, வரிசையாக 20 சீசன், ஒன்றில்கூட வெற்றி தோல்வியை விட அதிகமாக இல்லை. வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக் எதிலும் வேறெந்த அணிக்கும் இந்தச் சாதனை இல்லை.

நான் மேற்படிப்புக்காக இந்த ஊரில் வந்து இறங்கியது 2013 ஆகஸ்டில். என் கெட்ட நேரம், அதுதான் பைரேட்ஸின் நல்ல நேரம். அந்த வருடம் 94 வெற்றி. அக்டோபர் 1ஆம் தேதி சின்சினாட்டியோடு ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா என்ற நிலை. ஊர் முழுக்கக் கறுப்புச் சட்டை. எதிரணி பிட்சர் (பந்து எறிபவர்) ஜானி குவேட்டோவின் பெயரை மொத்த ஸ்டேடியமும் இழுத்து இழுத்துப் பாடியது; அவர் கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது; அடுத்த பந்தை ரசல் மார்ட்டின் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். நான் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பீட்சா கடை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். விதிகள் பாதி புரியவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது.

2014, 2015 இரண்டு வருடமும் பிளேஆஃபின் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்று) முதல் ஆட்டத்திலேயே கதை முடிந்தது. 2015இல் 98 வெற்றி, மொத்த லீக்கிலும் இரண்டாவது இடம். ஆனாலும் சிகாகோ பிட்சர் ஜேக் அரியெட்டா ஒருவரே கதவைச் சாத்திவிட்டார். அதன் பிறகு பிளேஆஃப் பக்கமே போகவில்லை.

சரி, இந்தப் பயணத்துக்கு வருவோம். வயிறெரிந்து திட்டி எழுதலாம் என்ற திட்டத்தோடுதான் விமானம் ஏறினேன். இறங்கிப் போனைப் பார்த்தால், இன்றைய ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸை 12-1 என்று அடித்திருக்கிறார்கள். வெள்ளி 9-1, சனி 9-2. மூன்று நாளில் 30 ரன் எடுத்து, 4 ரன் கொடுத்திருக்கிறார்கள். ஹுவான் சோட்டோ என்ற ஒரே ஆட்டக்காரருக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்த அணி மெட்ஸ். நான் வருவதற்குக் காத்திருக்காமல் இவர்களுக்கு இப்போது எங்கிருந்து வந்தது வீரம்?

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும்போது ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதை. உள்ளே நுழையும்வரை வெறும் மலையும் மரமும். வெளியே வந்ததும் மூன்று ஆறு, மஞ்சள் பாலங்கள், கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் ஒரே நொடியில் எதிரே நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் வாய் திறக்கத்தான் செய்கிறது. இப்படி ஒரு ஊருக்கு இப்படி ஒரு அணி.

ஜூன் 30, திங்கள்

அண்ணன் வீடு ஊருக்குக் கிழக்கே. காலையில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில். அமெரிக்காவில் ஆகம முறைப்படி 1970களில் எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. மரங்களுக்கு நடுவே குன்றின் சரிவில் வெள்ளைக் கோபுரம். மாணவனாக இருந்தபோது கீழ்த்தளத்தில் கிடைக்கும் புளியோதரைக்காகவே வாரக் கடைசியில் யார் காரிலாவது தொற்றிக்கொண்டு வருவோம். இன்றைக்கும் சாப்பிட்டேன். மதினி அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் காதில், "அந்தப் பயலுக நட்சத்திரத்தையும் சொல்லச் சொல்லவா?" என்றார்.

அண்ணன் 2001இல் இங்கே வந்தவர். ஆற்றங்கரையில் பி.என்.சி. பார்க் ஸ்டேடியம் திறந்ததும் அதே வருடம். என்னை விடப் பழைய நோயாளி. ஆனால் நான்கு வருடமாக டிக்கெட் வாங்குவதில்லை என்று விரதம். "அவனுக்கு என் காசு ஒரு டாலர் போகக் கூடாது" என்பது கொள்கை. அவன் என்றால் உரிமையாளர் பாப் நட்டிங். 2007இலிருந்து அணி அவர் கையில் இருக்கிறது. இந்த ஏப்ரலில் உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே "அணியை விற்றுவிடு" என்று கூட்டம் கோஷம் போட்டது. டிக்கெட் வாங்காத அண்ணன் 162 ஆட்டத்தையும் டிவியில் பார்க்கிறார், அதற்கு மாதாமாதம் கட்டும் பணத்தில் ஒரு பங்கு யாருக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை. விருந்தாளியாக வந்த இடத்தில் அதெல்லாம் பேசக் கூடாது.

அவர் அலமாரியில் ஒரு கல்லறைத் தோட்டமே இருக்கிறது. நீல் வாக்கர் 18: உள்ளூர்ப் பையன், 2015 சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஜெரிட் கோல் 45: 2011இல் அணிகள் வரிசையாக இளைஞர்களை எடுக்கும் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவர், 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்கு. அதே வாரம் ஆண்ட்ரூ மெக்கட்சன் சான் பிரான்சிஸ்கோவுக்கு. ஜாஷ் பெல் 55: 2020 டிசம்பரில் வாஷிங்டனுக்கு. ஒவ்வொரு ஜெர்சியும் வாங்கி ஒன்றிரண்டு வருடத்தில் அதில் பெயர் இருக்கும் ஆள் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். மெக்கட்சன் மட்டும் 2023இல் திரும்பி வந்தார். இப்போது வயது 38. இந்த மாதம்தான் பைரேட்ஸ் சீருடையில் அடித்த ஹோம் ரன் கணக்கில் மறைந்த பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ கிளமென்டேவின் 240ஐத் தாண்டினார். அந்த வயதிலும் அணியின் நல்ல பேட்டர்களில் அவர் ஒருவர் என்பது அவருக்குப் பெருமை, அணிக்கு அல்ல.

அதனால் வீட்டில் ஒரு சட்டம்: இப்போது ஆடுகிறவர் பெயர் போட்ட ஜெர்சி வாங்கக் கூடாது. கிளமென்டேவின் 21 மட்டும் வாங்கலாம், அவரை யாராலும் விற்க முடியாது. இந்தச் சட்டத்தை ஏற்காத ஒரே ஆள் ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள். அவளுக்கு அணியின் நட்சத்திர பிட்சர் பால் ஸ்கீன்ஸின் 30 வேண்டும்.

"அவன் போனப்புறம் நீதாம் அழுவ" என்றார் அண்ணன்.

"எப்போ போவார் டாடி?"

"2029 முடிஞ்சதும்."

"அப்போ நான் காலேஜ் போகவே ரெண்டு வருஷம் இருக்கும். இப்பவே எதுக்கு அழணும்?"

மதினி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

இரவு ஆட்டத்துக்கு அண்ணன் வரவில்லை. நானும் சின்னவளும் மட்டும். ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதைக்கு முன்னால் வழக்கமான நெரிசல். காரை ஊருக்குள் நிறுத்திவிட்டுக் கிளமென்டே பாலத்தில் நடந்தோம். ஆட்ட நாட்களில் அதில் வண்டிகளை விடுவதில்லை. மொத்தப் பாலமும் நடப்பவர்களுக்கு. கீழே அலெகெனி ஆறு, படகுகள். மூன்றாம் பேஸ் பக்கம் மேல்மாடியில் உட்கார்ந்தால் மைதானத்துக்குப் பின்னால் ஆறும் பாலமும் நகரமும் ஒரே சட்டத்துக்குள் வரும். அமெரிக்காவின் மிக அழகான பேஸ்பால் மைதானம் இதுதான் என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிக்கலே அதுதான். எதிரணியான கார்டினல்ஸின் ரசிகர்கள்கூட செயின்ட் லூயிஸிலிருந்து குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் எப்படி இருந்தாலும் மாலைப் பொழுதுக்காகவே ஜனம் காசு கொடுத்து வரும் என்றால், ஆட்டத்தைச் சரிசெய்ய யாருக்கு அவசரம்?

7-0. ஜெயித்துவிட்டார்கள். நடுவே பியரோகி வேஷம் போட்டவர்கள் ஓடும் பந்தயம் (உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒரு பண்டம், இந்த ஊரின் தேசிய உணவு). சின்னவள் பந்தயம் கட்டிய கொழுக்கட்டை மட்டும் தோற்றது. கடைசி அவுட் விழுந்ததும் வெற்றிக்கு அடையாளமாகக் கடற்கொள்ளையரின் கறுப்புக் கொடியை ஏற்றினார்கள். பக்கத்து இருக்கையில் "அணியை விற்றுவிடு" என்று எழுதிய டி-ஷர்ட் போட்டிருந்த பெரியவரும் எழுந்து கைதட்டினார். நானும்தான்.

ஜூலை 1, செவ்வாய்

பகலில் ஓக்லாந்து பக்கம் போனேன். கலிபோர்னியாவில் இருக்கும் ஓக்லாந்து இல்லை, பிட்ஸ்பர்க்கின் ஒரு பேட்டை. பல்கலைக்கழகம் இருக்கும் இடம். 42 மாடி கதீட்ரல் ஆஃப் லேர்னிங் அப்படியே நிற்கிறது. உள்ளே பல நாடுகளின் பெயரில் வகுப்பறைகள் உண்டு. இந்திய அறை நாளந்தா பாணியில் செங்கல் வைத்துக் கட்டியது. அதில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்ததை விடத் தூங்கியதுதான் அதிகம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் என்ற பழைய மைதானத்தின் மிச்சச் சுவர். 1960 அக்டோபர் 13, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், எதிரே நியூயார்க் யாங்கீஸ். அந்தத் தொடர் முழுவதும் சேர்த்து யாங்கீஸ் 55 ரன், பைரேட்ஸ் 27. பாதிகூட இல்லை. ஆனாலும் ஆளுக்கு மூன்று வெற்றி. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசியில் 9-9 என்று இருந்தபோது பில் மேசரோஸ்கி அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டியது. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் ஹோம் ரன்னில் முடிந்தது அன்றைக்கு மட்டும்தான். இன்றைக்கும் ஒவ்வொரு அக்டோபர் 13 அன்றும் ஜனங்கள் அந்தச் சுவரடியில் கூடி அன்றைய வானொலி ஒலிபரப்பைப் போட்டுக் கேட்கிறார்கள். பந்து எப்போது சுவரைத் தாண்டும் என்று தெரிந்தே கைதட்டுகிறார்கள். படிக்கும்போது ஒருமுறை போயிருக்கிறேன்; அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஆட்டம் நடந்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து ஹோம் பிளேட் பக்கத்துக் கட்டடத்தின் தரையில் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. மாணவர்கள் அதன் மேலேயே நடந்து வகுப்புக்குப் போகிறார்கள்.

இரவு ஸ்கீன்ஸ். இதற்காகத்தான் இந்த வாரத்தையே தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கு எறிந்தால் அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை சியாட்டிலில் எறிவார்; என் வீட்டு வாசலில் இரண்டாவது தரிசனம்.

ஸ்கீன்ஸ் 2023இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவர். விமானப் படைக் கல்லூரியில் படித்துவிட்டு லூசியானாவுக்கு மாறியவர். 2024 மே மாதம் கீழ்மட்டமான மைனர் லீக்கிலிருந்து மேலே வந்தார், அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். இந்த வருடம் இதுவரை ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டு ரன்னுக்குக் கொஞ்சம் மேலேதான் கொடுத்திருக்கிறார். லீக்கிலேயே மிகச் சிறந்தவர்களில் ஒருவர். பிட்சர் பெயரில் எழுதும் வெற்றி தோல்விக் கணக்கில் அவருக்கு? 4 வெற்றி, 7 தோல்வி. மே 18 அன்று பிலடெல்பியாவில் ஆட்டம் முழுவதையும் தனி ஆளாக எறிந்து ஒரே ஒரு ரன் கொடுத்தார். தோற்றது 1-0 என்று. குழம்பை அமிர்தமாக வைத்துவிட்டுச் சோறு வடிக்க மறந்த வீடு இது.

இன்றும் அதே கதைதான், முடிவு மட்டும் வேறு. அவர் பந்து எறியும் மேட்டில் நின்றவரை கார்டினல்ஸுக்கு ஒரு ரன் இல்லை. நம்மவர்களுக்கும் இல்லை. அவர் வெளியே போன பிறகுதான் எங்கிருந்தோ ஒரு ரன் வந்தது. 1-0 வெற்றி, ஆனால் அவர் பெயரில் இல்லை. கணக்கு இன்னும் 4-7தான். கூட்டத்துக்கு ஆத்திரமா ஆனந்தமா என்று அதற்கே தெரியவில்லை.

திரும்பும்போது அண்ணனோடு போனில் அரை மணி நேரம் பணப் பேச்சு. என் கடுப்பு எங்கே என்று கேட்டால் இங்கேதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி சம்பளத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்ற உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் வரி உண்டு, அவ்வளவுதான். இவ்வளவாவது செலவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. தேசிய ஒளிபரப்புப் பணம் 30 அணிக்கும் பங்காகப் போய்விடும். பெரிய ஊர் அணிகளின் உள்ளூர் வருமானத்திலிருந்து சின்ன ஊர் அணிகளுக்கு ஒரு பங்கு வரும். கால்பந்து மாதிரி கடைசியில் முடித்தால் கீழ் லீக்குக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயமும் இல்லை. மோசமாக ஆடினால் அடுத்த வருடம் நல்ல இளைஞரை முதலில் தேர்வு செய்ய வாய்ப்புதான் கூடும். அந்த இளைஞர் மேலே வந்தபின் ஆறு வருடம் வேறெங்கும் போக முடியாது. முதல் சில வருடம் அடிமட்டச் சம்பளத்துக்குப் பக்கத்தில்தான் ஆடுவார். ஸ்கீன்ஸின் இந்த வருடச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தொடவில்லை. நமக்கு அது பெரிய பணம், சந்தேகமில்லை. சோட்டோவுக்கு வருடத்துக்கு ஐந்து கோடி.

இந்தக் கணக்கில் தோற்பது நஷ்டமே இல்லை. பைரேட்ஸ் தன் வரலாற்றில் பத்துக் கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் கொடுத்தது பிரையன் ரெனால்ட்ஸ் ஒருவருக்குத்தான், 2023இல். வெளியிலிருந்து வந்த ஆட்டக்காரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் ஃபிரான்சிஸ்கோ லிரியானோவுக்கு 3.9 கோடி, அது 2014 டிசம்பரில். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, விலைவாசி எங்கேயோ போய்விட்டது, அந்த எண் மட்டும் அசையவில்லை.

சின்ன ஊர், வருமானம் குறைவு என்பார்கள். மில்வாக்கி இதைவிடப் பெரிய ஊரா? அவர்கள் வருடம் தவறாமல் போட்டியில் இருக்கிறார்கள். இதே பிட்ஸ்பர்க்கில் அமெரிக்கக் கால்பந்து அணி ஸ்டீலர்ஸுக்கு ஆறு சூப்பர் பௌல், ஐஸ் ஹாக்கி அணி பெங்குவின்ஸுக்கு ஐந்து ஸ்டான்லி கோப்பை. அந்த இரண்டு லீக்கிலும் சம்பள உச்சவரம்பு உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆக விதியிலும் பழுது இருக்கிறது. ஆனால் விதியின் பழுதுக்குள் வசதியாகச் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்மேல்தான் எனக்குக் கோபம்.

"ஜெயிச்சாங்கல்ல, விடுடே, போய்த் தூங்கு" என்றார் அண்ணன்.

ஜூலை 2, புதன்

5-0. மூன்று ஆட்டம், கார்டினல்ஸுக்கு ஒரு ரன்கூட இல்லை. தொடர்ச்சியாக ஆறு வெற்றி; 43 ரன் எடுத்து 4 ரன் கொடுத்திருக்கிறார்கள். 38 வெற்றி, 50 தோல்வி. என் பக்கத்தில் இருந்த இளைஞர்கள் போனை எடுத்துப் பிளேஆஃபுக்கு இன்னும் எத்தனை ஆட்டம் பின்னால் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் சிரித்தேன். பிறகு நானும் எட்டிப் பார்த்தேன்.

ஆட்டத்துக்கு முன்னால் வலப்பக்கச் சுவரைப் பார்க்கப் போனேன். 21 அடி உயரம்; கிளமென்டேவின் எண்ணுக்காகவே அந்த உயரத்தில் கட்டியது. போர்ட்டோ ரீகோக்காரர். 18 வருடம் இங்கேயே ஆடி, சரியாக 3,000 ஹிட். 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்தார். வயது 38. அந்தச் சுவரில் அவர் எண்ணைத் தாங்கிய சின்னத்தை இந்த சீசன் தொடக்கத்தில் எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை வைத்தார்கள். கிளமென்டே குடும்பமும் ரசிகர்களும் கொதித்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்தார்கள். அதே மாதம், மைதானம் கட்டியபோது ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்து வாசலில் பதித்த செங்கற்கள் பழைய பொருள் கிடங்கில் குவிந்து கிடக்கும் படம் வெளியானது. அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் அதில் இருந்தன. தோற்பதையாவது திறமையின்மை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர்?

சின்னம் இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டேன்.

இரவு அண்ணன் வீட்டில் இட்லியும் கோழிக் குழம்பும். சின்னவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, நீங்க சொன்னா டாடி கேப்பாங்க" என்று ஜெர்சி விஷயமாகத் தூது விட்டாள். பார்க்கலாம் என்று நழுவினேன்.

ஜூலை 3, வியாழன்: வானத்தில்

அணிக்கு இன்று ஓய்வு. அவர்களும் சியாட்டிலுக்குப் பறக்கிறார்கள், நானும்.

விமானத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். நான் போட்ட மைதானப் படத்துக்குக் கீழே திருநெல்வேலியிலிருந்து சித்தி மகன்: "அண்ணே, சிஎஸ்கே கடைசி இடம், இப்ப இது. நீங்க எதப் பாத்தாலும் இப்படித்தானா?" இந்த ஐபிஎல்லில் சென்னை 14 ஆட்டத்தில் 4 வெற்றியோடு பத்தாவது இடத்தில் முடித்ததை அவன் இன்னும் மறக்கவில்லை. ஆனால் சென்னை ரசிகனுக்கு ஐந்து கோப்பை ஞாபகம் இருக்கிறது, இது ஒரு கெட்ட வருடம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ஞாபகத்தில் இருப்பது குவேட்டோ கையிலிருந்து நழுவிய ஒரு பந்து.

அவனுக்கு ஒரு தகவல் அனுப்பினேன். தொழில்முறை பேஸ்பால் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் 2008இல் சேர்த்துக்கொண்டது பைரேட்ஸ்தான். உத்தரப் பிரதேசத்துப் பையன்கள், ஈட்டி எறிந்து பழகியவர்கள். வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்றில் தேறி வந்தார்கள். மைனர் லீக்கைத் தாண்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

"புத்திசாலி" என்று பதில் வந்தது.

ஜூலை 4, வெள்ளி: சியாட்டில்

சுதந்திர தினம். ரயிலில் ஸ்டேடியம் நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். இந்த ஊர்க்காரனாகப் பத்து வருடம் ஆகப்போகிறது, ஆனால் இங்கே நான் எதிரணி ரசிகன். உடன் வந்த நண்பர் சியாட்டில் அணியான மரைனர்ஸின் விசுவாசி. 1977இல் தொடங்கி இதுவரை உலகத் தொடருக்கே போகாத ஒரே அணி அவருடையது. 2001இல் 116 ஆட்டம் ஜெயித்தும் போகவில்லை. அதற்கப்புறம் 2022 வரை பிளேஆஃபே இல்லை. துக்கத்தில் யார் பெரியவர் என்று எங்களுக்குள் நிரந்தரப் போட்டி. மரைனர்ஸ் முயற்சி செய்து தோற்கிறது என்பது என் வாதம். முயற்சி செய்தும் தோற்பதுதான் கொடுமை என்பது அவர் வாதம்.

ஆறு வெற்றியின் தெம்பில் நான் கறுப்புத் தொப்பி போட்டிருந்தேன். மரைனர்ஸின் கேல் ராலி இரண்டு ஹோம் ரன் அடித்தார். சீசனில் 35 ஆகிவிட்டது. சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு முன்னால், மரைனர்ஸின் பழைய நட்சத்திரம் கென் கிரிஃபி ஜூனியர் 1998இல் அடித்த அளவுக்குச் சமம். சரித்திரம் நடக்கிறது, நாம்தான் அதற்கு மேடை. 6-0.

பூண்டுப் பொரியல் உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது. இங்கே வறுத்த வெட்டுக்கிளியும் விற்கிறார்கள். நண்பர் வாங்கினார், நான் தொடவில்லை.

ஜூலை 5, சனி

0-1. எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஸ்கீன்ஸ். ஐந்து இன்னிங்ஸ், பத்து ஸ்ட்ரைக் அவுட், ரன் எதுவும் கொடுக்கவில்லை. மரைனர்ஸ் ரசிகர்களே ஒவ்வொரு பந்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். பந்துக் கணக்கைப் பார்த்தால் இன்னும் எறியலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீண்ட சீசன், இளம் கை, பாதுகாக்க வேண்டும் என்ற நியாயமும் புரிகிறது. ஆனால் பாதுகாத்து எதற்கு வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை. அவர் போனதும் மரைனர்ஸ் ஒரு ரன் எடுத்தது. நம்மவர்கள் எடுக்கவில்லை. 1-0.

மூன்று ஆட்டம், 27 இன்னிங்ஸ், பூஜ்யம். போன வாரம் ஓர் அணியை மூன்று நாள் ரன்னே எடுக்கவிடாமல் அடித்துவிட்டு, அடுத்த தொடரிலேயே மூன்று நாள் தானும் ரன் எடுக்காமல் தோற்றிருக்கிறது. 38-53. பிட்ஸ்பர்க்கில் கணக்குப் போட்ட அந்த இளைஞர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களாவது வயது குறைந்தவர்கள்.

வெளியே வரும் வழியில் மரைனர்ஸ் சட்டை போட்ட ஒருவர் என் தொப்பியைப் பார்த்து, உங்களுக்கு ஸ்கீன்ஸ் இருக்கிறாரே, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். கிண்டலில்லை, மனதாரச் சொன்னார். ஜூலை 31 வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள். இந்தத் தடவை யாரை விற்பார்கள் என்று ரயிலில் உட்கார்ந்து பார்த்தால், மிட்ச் கெல்லர் பெயரும் டேவிட் பெட்னர் பெயரும் ஏற்கெனவே அடிபடுகின்றன. பெட்னர் பிட்ஸ்பர்க் பக்கத்துப் பையன்.

அந்தக் கடுப்பிலேயே போனில் அணியின் இணையக் கடைக்குள் போய், 30 எண் போட்ட ஜெர்சி, சிறுவர் அளவு, அண்ணன் வீட்டு விலாசம் போட்டு அனுப்பிவிட்டேன். நட்டிங்குக்கு இன்னும் கொஞ்சம் காசு. அண்ணனுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று போன் செய்தேன்.

"ஏலே, நாலு வருஷ விரதம்டே" என்றார்.

"உங்க விரதம்தானண்ணே. வாங்குனது நான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அங்கே டிவியில் ஆட்டம் முடிந்த பிறகு வரும் அலசல் நிகழ்ச்சி ஓடுவது எனக்குக் கேட்டது.

"நாளைக்கி கன்சாஸ் சிட்டி" என்றார். "எத்தன மணிக்குன்னு பாத்தியா?"